எந்த நைஜர், எந்தக் காங்கோ? பெயர் ஒன்று, மக்கள் வேறு

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட தொடங்கலாம். நைஜீரியா நாட்டைச் சேர்ந்தவரை நைஜீரியர் என்கிறோம். சரி. அதுக்கு மேல, வடக்குப் பக்கம் நைஜர்னு ஒரு நாடு இருக்கு. அந்த நாட்டைச் சேர்ந்தவரை என்னன்னு சொல்வீங்க?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நைஜரர்? வாய்க்குள்ள நுழையல. நைஜரியர்? அது நைஜீரியர் மாதிரியே கேட்குது. நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. தமிழ்ல ஒரு மக்கள் கூட்டத்தோட பெயர் பெரும்பாலும் 'அர்' என்றுதான் முடியும். சோழர், பல்லவர், மராட்டியர், ஆங்கிலேயர். அந்த வரிசையில் 'நைஜர்' என்று வைத்துப் பாருங்க. நாட்டின் பெயரே மக்களின் பெயர் மாதிரி ஒலிக்குது. 'நைஜர் வந்தார்கள்' என்று எழுதினால்கூடத் தப்பு தெரியாது.

இது வெறும் இலக்கணப் புதிர்னா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா ஒரே மாதிரி பெயர் கொண்ட நாடுகளுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு கதை இருக்கு. யாரோ ஒருத்தர் வரைபடத்துல கோடு போட்டிருப்பார். யாரோ ஒருத்தர் ஆற்றின் பெயரையோ ஒரு பழைய அரசின் பெயரையோ எடுத்து ஒட்டியிருப்பார். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வாழும் மனிதர்களை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னைக்கு ரெண்டு ஜோடிகளைப் பார்க்கப்போறோம். ஒண்ணு நைஜர் - நைஜீரியா. இன்னொண்ணு இரண்டு காங்கோ.

ஒரு ஆறு, ஒரு கட்டுரை, ஒரு கோடு

முதல்ல ஆறு. நைஜர் ஆறு கினியாவின் மலைப்பகுதியில் பிறந்து, மாலி வழியாக வடகிழக்கே போய், டிம்பக்டு பக்கம் சகாரா பாலைவனத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து வளைந்து தென்கிழக்கே இறங்குது. நைஜர் நாட்டைக் கடந்து, பெனின் நாட்டு எல்லையை உரசிக்கொண்டு, நைஜீரியாவுக்குள் வந்து கடலில் சேருது. கிட்டத்தட்ட 4,180 கிலோமீட்டர். கங்கையைவிட ரொம்ப நீளம்.

'நைஜர்' என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் லத்தீனில் 'கறுப்பு' என்று பொருள்படும் சொல்லோடு முடிச்சுப் போடுவாங்க. ஆனா இது வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகளில் ஆற்றைக் குறிக்கும் ஒரு சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்பதுதான் பல ஆய்வாளர்களின் கருத்து. ஐரோப்பியர்கள் காதில் அது லத்தீன் சொல் போல விழுந்திருக்கு, அப்படியே எழுதிட்டாங்க. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் அதை இந்தப் பெயரில் கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு மொழிக்காரரும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்து நைஜீரியா. இந்தப் பெயருக்கு ஒரு பிறந்த தேதியே இருக்கு: 1897 ஜனவரி 8. அன்றைக்கு லண்டன் 'தி டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஃபுளோரா ஷா. அந்தப் பத்திரிகையின் காலனி விவகாரங்களைக் கவனித்தவர், அந்தக் காலத்தில் ஒரு பெண் பத்திரிகையாளருக்கு அரிதாகக் கிடைத்த பெரிய பதவி. அப்போ அந்தப் பகுதியின் பெரும்பங்கு ராயல் நைஜர் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. 'ராயல் நைஜர் கம்பெனிப் பிரதேசங்கள்' என்ற பெயர் ரொம்ப நீளம், அதுக்குப் பதிலா 'நைஜீரியா' என்று சுருக்கமாக வைக்கலாமே என்பதுதான் அவருடைய யோசனை.

யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தங்களை நைஜீரியர்கள் என்று சொல்லிக்கொள்ள, ஒரு கம்பெனியின் பெயர் நீளமாக இருந்ததுதான் காரணம். ஃபுளோரா ஷா 1902-ல் ஃபிரெடெரிக் லுகார்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதே லுகார்டுதான் 1914 ஜனவரி 1 அன்று வடக்கையும் தெற்கையும் இணைத்து ஒரே நைஜீரியா ஆக்கியவர். மனைவி பெயர் வைத்தார், கணவர் இணைத்தார் என்று சொல்லலாம்.

அப்போ கோடு? அது இதுக்கெல்லாம் முன்னாடியே வந்துடுச்சு. 1890 ஆகஸ்டில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நைஜர் ஆற்றின் கரையில் சாய் என்ற ஊர். அங்கிருந்து கிழக்கே சாட் ஏரிக்கரையில் பர்ருவா என்ற ஊர் வரைக்கும் ஒரு கோடு. கோட்டுக்குத் தெற்கே பிரிட்டன், வடக்கே பிரான்ஸ். பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி, பிரான்சுக்குப் போன நிலமெல்லாம் ஒரு விவசாயி பார்வையில் 'லேசான மண்' என்று நாடாளுமன்றத்தில் நக்கலடித்தார். அதாவது மணல். பிறகு 1898, 1904, 1906 ஆண்டுகளில் பேசிப் பேசி அந்தக் கோட்டைத் திருத்தினார்கள். பிரான்ஸ் தன் பங்கை 1922-ல் 'நைஜர் காலனி' ஆக்கியது.

ரெண்டு பேருமே ஒரே ஆற்றின் பெயரை எடுத்துக்கிட்டாங்க. 1960 ஆகஸ்ட் 3 அன்று நைஜர் விடுதலை அடைந்தது. ரெண்டு மாசம் கழிச்சு, அக்டோபர் 1 அன்று நைஜீரியா. பரப்பளவில் நைஜர்தான் பெரிய நாடு, நைஜீரியாவைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆனா பெரும்பகுதி பாலைவனம் என்பதால் மக்கள்தொகை நைஜீரியாவில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும்.

குழப்பம் போதலையா? நைஜீரியாவுக்குள்ளேயே 'நைஜர் மாநிலம்'னு ஒண்ணு இருக்கு. தலைநகர் மின்னா. தெற்கே எண்ணெய் எடுக்கும் 'நைஜர் டெல்டா' வேற. அந்த ரெண்டு இடத்துக்காரங்களும் நைஜீரியர்கள்தான். நைஜர் நாட்டுக்கும் அவங்களுக்கும் குடியுரிமை சம்பந்தம் எதுவும் இல்லை.

ஒரே ஓர் எழுத்து

இங்கிலீஷில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தாங்க தெரியுமா? நைஜீரியாக்காரருக்கு 'நைஜீரியன்'. நைஜர்காரருக்கு 'நைஜேரியென்'னு இழுத்து, பிரெஞ்சு பாணியில் ஒரு உச்சரிப்பு. எழுத்தில் பார்த்தா, கடைசிக்கு முந்தைய எழுத்து மட்டும்தான் வேறு. ஒன்றில் 'ஏ', இன்னொன்றில் 'ஈ'. பிரெஞ்சு மொழியிலும் அதே ஓர் எழுத்து வித்தியாசம்தான். தட்டச்சில் விரல் கொஞ்சம் தவறினால் ஒருத்தர் நாடு மாறிடுவார்.

அந்த ஓர் எழுத்து எங்கிருந்து வந்தது? 'இயன்' என்பது இங்கிலீஷ் விகுதி. 'இயென்' என்பது பிரெஞ்சு விகுதி. அதாவது, இந்த ரெண்டு நாட்டு மக்களுக்கும் உலகம் வைத்திருக்கிற வித்தியாசம், அவர்களை ஆண்ட ரெண்டு எஜமானர்களின் விகுதி வித்தியாசம்தான். வேற எதுவும் இல்லை. எனக்கு இது ரொம்ப உறுத்துகிற விஷயம்.

சரி, அந்த மக்கள் தங்களுக்குள்ள என்ன சொல்லிக்கிறாங்க? நைஜர் நாட்டின் மக்களில் பாதிக்கும் மேல் ஹௌசா இனத்தவர். நைஜீரியாவின் வடக்கிலும் ஹௌசா மக்கள்தான் பெரும்பான்மை. ஹௌசா மொழியில் நைஜர் 'நிஜர்', நைஜீரியா 'நஜேரியா'. ஒரு ஆணைச் சொல்லணும்னா முன்னாடி 'தன்' சேர்ப்பாங்க, மகன் என்று பொருள். பெண் என்றால் 'யர்', மகள். பலர் என்றால் 'யன்', பிள்ளைகள். 'தன் நிஜர்' என்றால் நைஜரின் மகன். 'யர் நஜேரியா' என்றால் நைஜீரியாவின் மகள். குழப்பமே இல்லை! நாட்டின் பெயரில் ஒரு எழுத்தைக்கூட வெட்டாம, ஒட்டாம, முன்னாடி ஓர் உறவுச்சொல்லை வைத்துவிடுகிறார்கள். இங்கிலீஷும் பிரெஞ்சும் தடுமாறும் இடத்தில் அந்த ஊர் மொழி அசால்ட்டாகத் தாண்டிப் போயிடுது.

அந்த எல்லைக்கோடு யாரைப் பிரித்தது என்பதற்கு ஓர் உதாரணம். கட்சினா என்பது பழைய ஹௌசா அரசு, இன்னைக்கு நைஜீரியாவில் இருக்கு. 1804-ல் உஸ்மான் தன் ஃபோதியோ என்ற ஃபுலானி மத அறிஞர் தலைமையில் பெரும் புனிதப் போர் தொடங்கியது. ஹௌசா அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கட்சினாவின் பழைய அரச குடும்பம் ஊரை இழந்து வடக்கே ஓடியது. பிறகு மராதியில் புது அரசை நிறுவியது. அந்த மராதி இன்னைக்கு நைஜர் நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்று. ரெண்டு ஊருக்கும் நடுவே நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே அரச பரம்பரை, ஒரே மொழி. ஆனா ஒரு பக்கம் அரசாங்க அலுவலகத்தில் இங்கிலீஷ், இன்னொரு பக்கம் பிரெஞ்சு. ஒரு பக்கம் நைரா நோட்டு, இன்னொரு பக்கம் சிஎஃப்ஏ பிராங்க்.

2023: கோட்டின் ரெண்டு பக்கமும்

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2023 ஜூலை 26 அன்று நைஜர் தலைநகர் நியாமியில் ராணுவப் புரட்சி நடந்தது. அதிபர் முகமது பஸூமை அவருடைய சொந்தக் காவல்படையே சிறைப்பிடித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸுக்கு அந்த நேரத்தில் தலைவர் யார்? நைஜீரிய அதிபர் போலா டினுபு. பதவிக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 'ஒரு வாரத்துக்குள் பஸூமை மீண்டும் பதவியில் அமர்த்தவில்லை என்றால் ராணுவ நடவடிக்கையும் எடுப்போம்' என்பது கூட்டமைப்பின் எச்சரிக்கை.

நைஜீரியா எல்லையை மூடியது. நைஜருக்குக் கொடுத்துவந்த மின்சாரத்தையும் நிறுத்தியது. நைஜரின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நைஜீரியாவில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. நியாமி இருட்டில் மூழ்கியது. எல்லையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன.

அப்போ எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நைஜீரியாவுக்குள் இருந்தே. வடக்கு மாநிலங்களின் செனட்டர்கள் சொன்னது இதுதான்: நைஜரோடு எல்லையைப் பகிர்ந்துகொள்வது எங்கள் ஏழு மாநிலங்கள். போர் வந்தால் அடி எங்களுக்குத்தான். அந்தப் பக்கம் இருப்பதும் எங்கள் ஆட்கள்தான். கடைசியில் போர் வரவில்லை. 2024 பிப்ரவரியில் பெரும்பாலான தடைகள் விலக்கப்பட்டன.

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு 'நைஜீரியா நைஜர் மீது படையெடுக்குமா?' என்பது இரண்டு ஒரே மாதிரிப் பெயர்கள் மோதும் வேடிக்கையான தலைப்பு. கட்சினாவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது மராதியில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றிய செய்தி. அதனால்தான் ரெண்டையும் குழப்பாமல் சொல்வது மரியாதை மட்டும் இல்லை, செய்தியைப் புரிந்துகொள்ளவே அது தேவை.

காங்கோ: பெயரின் சொந்தக்காரர் மூன்றாவது நாட்டில்

சரி, இப்போ இன்னும் சிக்கலான ஜோடிக்கு வருவோம். நைஜர் - நைஜீரியாவில் ஓர் எழுத்தாவது வேறு. காங்கோவில் அதுவும் கிடையாது. காங்கோ ஆற்றின் தென்கரையில் கின்ஷாசா. வடகரையில் பிராசவில். எதிரெதிரே ரெண்டு தலைநகரங்கள், ஒன்றிலிருந்து பார்த்தா இன்னொன்றின் கட்டடங்கள் தெரியும். நடுவில் பாலம் இல்லை, படகுதான். கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்டது காங்கோ ஜனநாயகக் குடியரசு. பிராசவில்லைத் தலைநகராகக் கொண்டது காங்கோ குடியரசு.

'காங்கோ' யாருடைய பெயர்? அது ஒரு பழைய பேரரசின் பெயர். 1480-களில் தியோகோ காவ் என்ற போர்ச்சுகீசிய மாலுமி அந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தபோது அங்கே காங்கோ அரசு நன்றாக வேரூன்றி இருந்தது. 1491-ல் அதன் அரசர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மகன் முதலாம் அஃபோன்சோ, அடிமை வியாபாரம் தன் மக்களை அள்ளிக்கொண்டு போகிறது என்று 1526-ல் போர்ச்சுகல் அரசருக்கே கடிதம் எழுதினார்.

அந்த அரசின் தலைநகர் எம்பான்சா காங்கோ. இப்போ வரைபடத்தில் தேடுங்க. அது ரெண்டு காங்கோவிலும் இல்லை! அங்கோலாவில் இருக்கு. 2017-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெயரைக் கொடுத்த ஊர் ஒரு நாட்டில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் நாடுகள் வேறு இரண்டு.

அந்த மக்களுக்குத் தங்களைச் சொல்ல அழகான முறை இருக்கு. ஒருவர் என்றால் 'முகோங்கோ'. பலர் என்றால் 'பகோங்கோ'. மொழி 'கிகோங்கோ'. நாம் பின்னாடி சேர்ப்பதை அவர்கள் முன்னாடி சேர்க்கிறார்கள். பகோங்கோ மக்கள் இன்னைக்கு ரெண்டு காங்கோவிலும் அங்கோலாவிலும் பரவி இருக்காங்க. ஆனா ரெண்டு காங்கோவின் குடிமக்கள் எல்லாரும் பகோங்கோ அல்ல, நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. இங்கிலீஷில் இனத்துக்கும் பழைய அரசுக்கும் 'கே' எழுத்து, நவீன நாடுகளுக்கு 'சி' எழுத்து என்று பிரித்து எழுதுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. இலங்கைத் தமிழில் 'கொங்கோ' என்று எழுதுவதுண்டு, தமிழ்நாட்டில் 'காங்கோ'. எப்படி எழுதினாலும் இனத்துக்கும் நாட்டுக்கும் ஒரே எழுத்துதான்.

ஒரே பெயரில் இரண்டு நாடு

பிரிவினை எப்படி நடந்தது? 1880-ல் பியர் சவோர்ன்யான் தெ பிராசா என்ற பிரெஞ்சுப் பயணி, தேகே மக்களின் அரசரோடு ஒப்பந்தம் போட்டு வடகரையை பிரான்சுக்கு வாங்கினார். அடுத்த வருஷமே தென்கரையில் ஸ்டான்லி, பெல்ஜிய அரசர் லியோபால்டுக்காக ஒரு குடியிருப்பை அமைத்தார். 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டி இது உறுதியானது. தென்கரையில் லியோபால்டின் தனிச்சொத்தாக 'காங்கோ சுதந்திர நாடு'. பெயரில்தான் சுதந்திரம். ரப்பருக்காக அங்கே நடந்த கொடுமைகள் உலகத்தையே அதிரவைத்தன. 1908-ல் அது பெல்ஜிய அரசின் காலனியானது.

1960-ல் ரெண்டு பக்கமும் விடுதலை. ஜூன் 30 பெல்ஜிய காங்கோ, ஆகஸ்ட் 15 பிரெஞ்சு காங்கோ. இப்போ கேளுங்க: ரெண்டு நாடும் தனக்கு 'காங்கோ குடியரசு' என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டது! அதே வருஷம் செப்டம்பர் 20 அன்று ரெண்டும் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்ந்தன. வேற வழியில்லாமல் ஒன்றை 'காங்கோ (லியோபால்ட்வில்)' என்றும் இன்னொன்றை 'காங்கோ (பிராசவில்)' என்றும் அடைப்புக்குறி போட்டு எழுதினார்கள். விடுதலை வாங்கிய ரெண்டு ஆப்பிரிக்க நாடுகளை, ஒரு பெல்ஜிய அரசரின் பெயரையும் ஒரு பிரெஞ்சுப் பயணியின் பெயரையும் வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

1964-ல் தென்கரை நாடு தன் பெயரில் 'ஜனநாயக' என்பதைச் சேர்த்தது. 1966-ல் லியோபால்ட்வில் கின்ஷாசா ஆனது. 1971 அக்டோபரில் மொபுட்டு ஒரே போடாகப் போட்டார்: இனி நாட்டின் பெயர் ஜயர். ஆற்றின் பெயரும் ஜயர். நாணயம் ஏற்கெனவே ஜயர்தான். அடுத்த வருஷம் மக்கள் தங்கள் கிறிஸ்தவப் பெயர்களைக் கைவிட்டு ஆப்பிரிக்கப் பெயர் வைக்கணும்னு உத்தரவு. ஜோசப்-டெசிரே மொபுட்டு, மொபுட்டு செசே செகோ ஆனார்.

வேடிக்கை என்னன்னா, இந்த 'ஜயர்' சுத்த ஆப்பிரிக்கச் சொல் இல்லை. கிகோங்கோ மொழியில் ஆற்றைக் குறிக்கும் 'என்சாதி' போன்ற சொல்லைப் போர்ச்சுகீசியர்கள் தப்பாகக் கேட்டு எழுதியது. ஆனா ஒரு நன்மை இருந்தது. 26 வருஷம் குழப்பம் இல்லை. இந்தக் கரையில் ஜயர்க்காரர், அந்தக் கரையில் காங்கோக்காரர். ஆற்றுக்குக்கூட ரெண்டு பெயர். 1997 மே மாதம் மொபுட்டுவை விரட்டிவிட்டு வந்த லோரான் கபீலா பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார். மறுபடியும் ரெண்டு காங்கோ.

பிராசவில் மட்டும் பெயரை மாற்றவே இல்லை. 2006-ல் பிராசாவின் உடலின் எச்சங்களை அல்ஜீரியாவில் இருந்து கொண்டுவந்து, அந்த ஊரில் ஒரு நினைவு மண்டபமே கட்டினார்கள்.

2014: ஒரு பெயர் வாசலில் வந்து தட்டியபோது

இந்த எபிசோடில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான். சட்டப்படி ஜயர் என்ற நாடு 1997-லேயே போய்விட்டது. ஆனா பிராசவில்லில் அந்தச் சொல் சாகவில்லை. ஆற்றைத் தாண்டி வந்தவர்களை அங்கே 'ஜயர்க்காரர்' என்றே சொல்லிவந்தார்கள். காரணம் எளிது. ரெண்டு பேரும் லிங்காலா பேசுகிறார்கள், பிரெஞ்சு பேசுகிறார்கள், ஒரே பாட்டு கேட்கிறார்கள், ரெண்டு பேருமே 'காங்கோலே'. வித்தியாசம் காட்ட ஒரு சொல் வேணும். பழைய சொல் கைக்கு எட்டியது. நாளாக ஆக அதில் ஓர் இளக்காரமும் ஏறிக்கொண்டது.

2014 ஏப்ரலில் பிராசவில் போலீஸ் ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. லிங்காலாவில் 'எம்பாத்தா யா பகோலோ'. 'பெரியவர்களின் அறை' என்று பொருள். அதாவது, கன்னத்தில் அறை. குற்றங்களைத் தடுக்க, அனுமதியில்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புகிறோம் என்றது அரசு. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆற்றைக் கடந்து கின்ஷாசாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பலரைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள், பலர் பயந்து தாங்களே கிளம்பினார்கள். வருஷக்கணக்காக அங்கே தொழில் செய்தவர்கள், முறையான காகிதம் வைத்திருந்தவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

முகத்தைப் பார்த்தோ மொழியைக் கேட்டோ யார் எந்தக் கரை என்று எளிதில் சொல்ல முடியாத இடத்தில், 'நீ அந்தக் கரை ஆள்' என்ற ஒரு முத்திரை போதுமானதாக இருந்தது. ஒரு பெயர் எப்படி ஒருவரை வீட்டை விட்டே வெளியேற்றும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லணும். 2021 டிசம்பரில் காங்கோ ரும்பா இசையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த விண்ணப்பத்தை ரெண்டு காங்கோவும் சேர்ந்துதான் கொடுத்தன. வேற வழியும் இல்லை, ஏன்னா இசைக்காரர்கள் கரை பார்க்கவில்லை. 1956-ல் தென்கரையில் 'ஓகே ஜாஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ழான் செர்ஜ் எசூ, 1959-ல் வடகரைக்குப் போய் 'லே பாந்து' குழுவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அந்த இசை எந்தக் காங்கோவுடையதுன்னு கேட்டா பதில் இல்லை.

கினியாக்கள், சுருக்கமாக

இதே நோய் இன்னும் பல இடத்தில் உண்டு. கினியா குடும்பத்தை மட்டும் வேகமாகப் பார்த்துடலாம். 1958-ல் பிரான்சிடம் 'வேண்டாம்' என்று வாக்களித்து வெளியேறியது கினியா, தலைநகர் கொனாக்ரி. போர்ச்சுகலிடம் இருந்து பிரிந்தது பக்கத்து நாடு, குழப்பம் வராமல் இருக்கத் தலைநகர் பெயரைச் சேர்த்துக்கொண்டு கினியா-பிசாவு ஆனது. ஸ்பெயினிடம் இருந்து 1968-ல் விடுபட்டது எக்குவடோரியல் கினியா. நாலாவது பப்புவா நியூ கினியா, அது ஆப்பிரிக்காவிலேயே இல்லை. 1545-ல் ஒரு ஸ்பானிய மாலுமி அந்தத் தீவு மக்களைப் பார்த்து, ஆப்பிரிக்காவின் கினியாக்காரர்கள் மாதிரி இருக்காங்களே என்று நினைத்து 'புது கினியா' என்று வைத்த பெயர். தோல் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் ஐந்நூறு வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கு.

அப்போ என்னன்னுதான் சொல்றது?

தமிழில் பேசும்போது, எழுதும்போது நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்றேன். இது சட்டம் இல்லை, பயன்படுதான்னு பாருங்க.

முதலாவது, விகுதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'நைஜர் நாட்டவர்', 'நைஜீரியர்' போதும். பேச்சில் 'நைஜர்காரர்', 'நைஜீரியாக்காரர்'. இங்கிலீஷும் பிரெஞ்சும் ஓர் எழுத்தில் தொங்கும் இடத்தில் நம்ம 'காரர்' நாட்டின் பெயரை முழுசாக வைத்துக்கொள்ளுது. ஹௌசாவின் 'தன்' செய்யும் வேலையும் இதுதான்.

இரண்டாவது, காங்கோ என்றால் தலைநகரைச் சேர்த்துச் சொல்லுங்க. கின்ஷாசா காங்கோ, பிராசவில் காங்கோ. நீளம்தான். ஆனா அங்கே இருப்பவர்களே இந்த வழியைப் பயன்படுத்துறாங்க. 'காங்கோக்காரர்' என்று மட்டும் எழுதினால் எந்தக் கரை என்ற கேள்வி அப்படியே நிக்கும்.

மூன்றாவது, இனத்தையும் குடியுரிமையையும் கலக்காதீங்க. பகோங்கோ என்பது ஓர் இனம், மூணு நாட்டில் இருக்கு. ஹௌசா என்பதும் அப்படித்தான். ஒருவர் ஹௌசா என்று தெரிந்ததும் அவர் நைஜீரியர் என்று முடிவு கட்ட முடியாது.

நான்காவது, பழைய பெயர் கையில் எட்டுகிறது என்பதற்காக எடுத்து ஒட்ட வேண்டாம். 'ஜயர்க்காரர்' என்பது புத்தகத்தில் வெறும் பழைய பெயர். 2014-ல் பிராசவில்லில் அது வேறு மாதிரி ஒலித்தது. பெங்களூரிலோ சென்னையிலோ ஓர் ஆப்பிரிக்க மாணவரைப் பார்த்ததும் நாட்டைக் கேட்காமலே 'நைஜீரியன்' என்று முடிவு பண்ணுவதும் இதே பழக்கத்தின் இன்னொரு முகம்தான். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் மட்டும் 54. நேராகக் கேட்டுவிடலாம், 'நீங்க எந்த நாடு, எந்த ஊர்?' என்று. ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கினால் பெரும்பாலும் நாட்டுப் பெயரின் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

அடுத்த தடவை செய்தியில் 'காங்கோவில் மோதல்' என்றோ 'நைஜரில் பதற்றம்' என்றோ வந்தால், உள்ளே போய் தலைநகரின் பெயரை மட்டும் தேடுங்க. கின்ஷாசாவா, பிராசவில்லா? நியாமியா, அபுஜாவா? அந்த ஒரு சொல் கிடைத்ததும் மீதிக் கதை சரியான மனிதர்களைப் பற்றியதாக மாறிவிடும்.

இந்த எபிசோடு அவ்வளவுதான். இதே மாதிரி உங்களைக் குழப்பும் நாட்டுப் பெயர் எதுவும் இருந்தா எழுதி அனுப்புங்க, இன்னொரு நாள் பேசலாம்.